மூச்சு ஜோடி

எங்கள் ஹாஸ்டல் அறையில் கட்டில் மூன்று, ஜன்னல் ஒன்று. முதல் நாளே ஜன்னலோரக் கட்டிலுக்காகச் சண்டை வந்தது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். இங்கே ஒருத்தி மட்டுமே போட்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தவள், ஜன்னலோரத்தில் ஏற்கெனவே போர்வை விரித்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "இங்கயும் நீதான் முதல்லயா?" என்றாள். உட்கார்ந்திருந்தவள் உடனே போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "நீயே எடுத்துக்கோக்கா." வந்தவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "பிச்சை போடுறியா? ஒண்ணும் வேணாம்" என்று கதவோரக் கட்டிலில் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். இவர்கள் இப்படியே நிற்கட்டும் என்று நான் போய் ஜன்னலோரத்தில் படுத்துவிட்டேன். வருஷம் முழுக்க அந்தக் கட்டில் எனக்குத்தான்.

பெட்டியோடு வந்தவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தவள் நான். ஆள் குள்ளம். சூடு பட்டால் வெடிப்பாள், வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் மேலும் தெறிக்கும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொன்னவர்கள் இவளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். மற்றவள் அவளுடைய சித்தி மகள், பஞ்சு. அந்தப் பெயரும் என் உபயம். எங்கே விழுந்தாலும் சத்தம் வராது, யாருக்கும் வலிக்காது. நல்ல உயரம். கடுகைவிடச் சில வாரங்களே சின்னவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்கா என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் கடுகின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது மாதிரி ஆகிவிடும்.

காரணம் கேட்டேன். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். பஞ்சு சின்ன வயதிலேயே கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். அவளுக்குச் சின்னதாகிப் போன சட்டையெல்லாம் அக்காக்காரிக்கு வந்தன. "உலகத்துல எங்கயாவது தங்கச்சி போட்டுப் பழசான சட்டையை அக்கா போட்டு வளர்ந்திருக்காளா? நான் வளர்ந்தேன். எங்கம்மா வேற, பாரு, எவ்வளவு பத்திரமா வெச்சிருந்திருக்கா, ஒரு பட்டன்கூடப் போகலன்னு அவளையே மெச்சும்." நான் சிரித்துவிட்டேன். கடுகு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

கடுகின் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அம்மா ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். சித்தப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு வீடும் ஒரே தெருவில்தான். பிள்ளைகள் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. கல்லூரியிலாவது தொல்லை விட்டது என்று கடுகு நினைத்திருந்தாள். சித்தப்பா, "அக்கா போற காலேஜ்லயே இவளையும் போட்டுடலாம், துணையாச்சு" என்று சொல்லிவிட்டார். துணை என்று சொன்னவரை என்ன செய்ய முடியும்?

முதல் மாதத்திலேயே கிளப்புகளின் கண்காட்சி வந்தது. விளையாட்டு மைதானத்தில் வரிசையாக மேஜை போட்டு, ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் சீனியர்கள் நின்றுகொண்டு சந்தையில் காய்கறி விற்பவர்கள் மாதிரிக் கூவிக் கூவி ஆள் பிடித்தார்கள். கடுகு முந்தின நாளே முடிவு செய்திருந்தாள். "எலி வளையானாலும் தனி வளை வேணும். எனக்குன்னு ஒண்ணு பிடிக்கப் போறேன். அவளுக்குத் தெரியாம." அவள் பிடித்தது புகைப்படக் கிளப். அப்பாவின் பழைய கேமராவை வேறு கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

முதல் கூட்டத்துக்குக் கடுகு குடை மறந்து போய்விட்டாள். மழை பிடித்துக்கொண்டது. பஞ்சு என்னிடம் இடம் கேட்டுக்கொண்டு, நல்ல மனசோடு குடை எடுத்துப் போனாள். போனவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். சரி, அதோடு விட்டதா? யாரோ கேமராவை அவள் கையில் கொடுத்து, "நீயும் ஒண்ணு எடு" என்றார்கள். அவள் ஏதோ ஈரச் செருப்புகள் வாசலில் கிடந்ததை எடுத்தாள். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் அந்தச் செருப்புப் படம்தான் பெரிதாகத் தொங்கியது. கடுகு எடுத்த படங்களை அந்தக் கிளப் தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "முயற்சி பண்ணிக்கிட்டே இரும்மா" என்றாராம்.

"செருப்பு. என் செருப்பும் அதுல இருக்கு" என்று கடுகு என்னிடம் பல்லைக் கடித்தாள்.

பிறகு வினாடி வினாக் கிளப். கடுகு நூலகத்திலிருந்து தடித் தடிப் புத்தகங்களாகத் தூக்கி வந்து கரைத்துக் குடித்தாள். போட்டியன்று அவள் குழுவில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து, பார்வையாளர் வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த பஞ்சுவை இழுத்துப் போட்டார்கள். கடைசிக் கேள்விக்குப் பஞ்சு குத்துமதிப்பாக ஒன்று சொன்னாள். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் விழுந்தது பழம் அல்லவா. கோப்பையைப் பஞ்சு கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வாலிபாலில் உயரம் போதாது என்று கடுகைத் திருப்பி அனுப்பியவர்கள், அவளைக் கூட்டிப் போக வந்த பஞ்சுவை அண்ணாந்து பார்த்து அங்கேயே பெயர் எழுதிக்கொண்டார்கள். பேச்சுக் கிளப்பில் மட்டும் பஞ்சு குறுக்கே வரவில்லை. அங்கே கடுகு நடுவரோடு சண்டை போட்டுத் தானே வெளியேறினாள்.

சாயங்காலமானால் அம்மா போனில் வருவாள். கடுகு தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசுவாள். அம்மாவின் குரல் அறை வரைக்கும் கேட்கும். "சித்தி போட்டோ காட்டினாடி. கோப்பையோட நிக்கிறா, என்ன லட்சணம். நீ எங்க இருந்த அப்போ?"

"அவளுக்குப் பின்னாடிதாம்மா. என் காது தெரியும், பெருசு பண்ணிப் பாரு."

"எதுக்குடி எரிஞ்சு விழற? அவளைப் பாத்துக் கத்துக்கோன்னுதானே சொல்றேன்."

போனை வைத்துவிட்டு வந்தால் அன்றைக்கு யாரும் அவளிடம் வாய் கொடுக்கக் கூடாது. எனக்குத் தெரியும். இருந்தாலும் கொடுப்பேன், என் வாய் அப்படி. "இவ்வளவு வயித்தெரிச்சல் உடம்புக்கு ஆகாதுடி" என்பேன். "ஆமா, எரியுது. இல்லைன்னு சொன்னேனா? உனக்கு இப்படி ஒரு சித்தி பொண்ணு இருந்தாத் தெரியும்" என்பாள். மழுப்ப மாட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது அதனால்தான்.

கடுகுக்கு ஒரு குரல் உண்டு. அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து தடித்த குரல் வரும். போனை எடுத்து ஹலோ என்றால், "தம்பி, வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். பள்ளியில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று டீச்சர் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. அப்படிப்பட்டவளை நான்தான் பாட்டுக் கிளப்புக்கு இழுத்துப் போனேன். எனக்குத் தனியாகப் போகச் சோம்பல், அவ்வளவுதான்.

பாட்டுக் கிளப் நடப்பது பழைய ஆய்வுக்கூடத்தின் சாமான் அறையில். சுவரெல்லாம் அலமாரி, நடுவில் நீளப் பெஞ்சுகள். மின்விசிறி கடகடவென்று ஆடும் என்பதால் பயிற்சி தொடங்கியதும் அதை நிறுத்திவிடுவார்கள். வியர்த்துக்கொண்டே பாட வேண்டும். நடத்துபவர் பகலில் கணக்குப் பாடம் எடுப்பவர், எங்களுக்குப் பாட்டு சார். என்னை ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டு மேல்குரல் வரிசையின் கோடியில் போட்டார். அடுத்து கடுகு வாயைத் திறந்தாள். சார் கையில் வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாள் எங்கம்மா இருந்த?" என்று கேட்டார்.

கீழ்க்குரல் வரிசைக்கு அப்போது பஞ்சம். மேலே இருப்பவர்கள் ஏறி இறங்கிப் பாடும்போது, கீழ்வரிசை ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியாது. அது நின்றால் பாட்டே சரிந்துவிடும். அன்றைக்குக் கடுகு மாடிப்படியெல்லாம் அந்த ஒற்றை ஸ்வரத்தை முனகிக்கொண்டே ஏறி வந்தாள். அம்மா போன் செய்தபோது பாட்டைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. "எதுவும் இல்லம்மா, சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அறைக்குள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பஞ்சுவும் பார்த்தாள். அடுத்த பயிற்சிக்குக் கிளம்பும்போது, "நானும் வரட்டுமாக்கா?" என்றாள்.

கடுகு சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "உனக்கு வாலிபால் இருக்கு. கோப்பை இருக்கு. செருப்புப் படம் இருக்கு. இதுலயும் வந்து உக்காரணுமா? எனக்குன்னு ஒரு நகக்கண் அளவுக்காவது எதையாவது விட்டு வைக்க மாட்டியா நீ?"

இவ்வளவுக்குப் பிறகும் பஞ்சு வந்தாள். அவளுக்கும் கீழ்க்குரல்தான், கடுகு அளவுக்குக் கனம் இல்லாவிட்டாலும் சுத்தமான குரல். சார் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "நீங்க ரெண்டு பேரும் ஒரு மூச்சு ஜோடி" என்றார். எனக்கு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரிக்க வேண்டியிருந்தது.

மூச்சு ஜோடி என்றால் இதுதான். ஒரே ஸ்வரத்தை ஒருத்தியே அவ்வளவு நேரம் பிடிக்க முடியாது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் மாற்றி மாற்றி மூச்சு எடுப்பார்கள். எந்தச் சொல்லில் யார் எடுப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். மூச்சு எடுக்கப் போகிறவள் முழங்கையால் பக்கத்தில் இருப்பவளை லேசாகத் தொட வேண்டும். முழங்கை பட்டுவிட்டால் மற்றவள் உயிரே போனாலும் குரலை விடக் கூடாது. கேட்கிறவர்களுக்கு நடுவில் ஓட்டை விழுந்ததே தெரியாது. கடுகுக்குப் பஞ்சுவின் முழங்கை ஒவ்வொரு முறை படும்போதும் தீப்பட்டது மாதிரி இருக்கும். சுளித்துக்கொள்வாள். ஆனாலும் குரல் அசையாது.

கல்லூரி ஆண்டு விழா மேடைக்கு, கீழ்க்குரல் வரிசையில் சீனியர்கள் போக ஓர் இடம்தான் காலி. சனிக்கிழமை இரண்டு பேரையும் ஒன்றாகப் பாட வைத்துக் கேட்டு, ஒருத்தியை எடுத்துக்கொள்வதாகச் சார் சொன்னார். "தனியாப் பாடச் சொன்னா எல்லாரும் பாடுவாங்க. பக்கத்து ஆள் மூச்சைக் கேட்டுப் பாடுறவதான் எனக்கு வேணும்" என்றும் சொன்னார். நான் கேட்டேன், பஞ்சு கேட்டாள். கடுகின் காதில் ஓர் இடம் என்பது மட்டும்தான் விழுந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் குளியலறையே கதி என்று கிடந்தாள். வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஸ்வரத்தைப் பிடித்து நீட்டி நீட்டிப் பழகினாள். பக்கத்து அறைப் பெண், "உங்க பக்கம் மோட்டார் ஏதாவது ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நான் கடுகிடம் சொன்னேன், "ஜோடியாத்தானேடி பாடணும். அவளோட சேர்ந்து பழகு." அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ முழங்கையே எனக்கு வேணாம். முழுசையும் நானே பிடிச்சுக் காட்டுறேன். அப்புறம் சார் யாரை எடுக்கிறாருன்னு பாரு" என்றாள். இந்த ஒரு இடம் போனால் தனக்குக் கல்லூரியே இல்லை என்பது போல அவள் கண் இருந்தது.

சனிக்கிழமை சார் ஜன்னல் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். முகத்தைப் பார்த்தால் பாட்டு காதில் விழாது என்பார். மேல்வரிசை நாங்கள் தொடங்கினோம். கீழே அவர்கள் இரண்டு பேர் மட்டும் பிடித்தார்கள். முதல் மூச்சு கடுகுடையது என்று பேச்சு. அந்தச் சொல் வந்தது. கடுகு எடுக்கவில்லை. பஞ்சு ஓரக்கண்ணால் பார்த்தாள், முழங்கை வரும் வரும் என்று காத்துக்கொண்டு தன் குரலை இழுத்துப் பிடித்தாள். கடுகு கழுத்து நரம்பு புடைக்க நேராகப் பார்த்து நின்றாள். பஞ்சுவின் முறை வந்தது. அவளால் அதற்கு மேல் முடியவில்லை. முழங்கையால் தொட்டாள், மூச்சை எடுத்தாள். அதே நொடியில் கடுகுக்கும் காற்று தீர்ந்தது. கீழே ஒன்றுமே இல்லை. மேல்வரிசை எங்கள் பாட்டு காலடியில் பலகை உருவப்பட்டது மாதிரித் தடுமாறி நின்றது.

சார் திரும்பினார். "யாரு?"

"நான்தான் சார்" என்றாள் பஞ்சு. "அவசரப்பட்டு முன்னாடியே எடுத்துட்டேன்."

"சரி. ஒத்துக்கிட்டியே, அது போதும்" என்றார் சார். சீனியர் ஒருத்தி, பாவம், எவ்வளவு நல்ல பொண்ணு என்று முணுமுணுத்தாள். கடுகு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. இடம் அவளுடையது.

ஆனால் சின்ன வயதில் அந்த வீட்டில் எது உடைந்தாலும் இதுதான் கதை. பீங்கான் ஜாடியைக் கடுகு உடைப்பாள். நான்தான் என்று பஞ்சு முன்னால் வந்து நிற்பாள். பெரியவர்கள், பொய் பேசத் தெரியாத பிள்ளை என்று பஞ்சுவை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். உடைத்தவளுக்குத் திட்டும் கிடையாது, மடியும் கிடையாது. இதைக் கடுகே எனக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் முகம் சிவந்து வருவதைப் பார்த்தேன். அடிப்பாவி, பேசாதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"பொய் சார்" என்றாள் கடுகு. "அவ பொய் சொல்றா. அவ எடுக்க வேண்டிய இடத்துலதான் எடுத்தா. நான்தான் எடுக்க வேண்டிய இடத்துல எடுக்கல. தப்பு என்னோடது. அதையும் அவளுக்குக் குடுக்க முடியாது."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் எடுக்கல?"

"முழுசா நானே பிடிச்சுக் காட்டலாம்னு."

"உன் குரல் மாதிரி இந்த ரூமுல வேற குரல் இல்ல" என்றார் சார் மெதுவாக. "ஆனா பக்கத்துல ஆள் நிக்கிறதையே மறக்கிற குரலை நான் மேடையில வெச்சா, இன்னைக்கு விழுந்த ஓட்டை அன்னைக்கும் விழும். அடுத்த வருஷம் வா." பிறகு பஞ்சுவைப் பார்த்தார். "நீ பொய் சொன்னது எனக்குப் பிடிக்கல. இருந்தாலும் இடம் உனக்குத்தான். அஞ்சு நிமிஷம் தண்ணி குடிச்சிட்டு வாங்க, மறுபடி பாடலாம்."

கடுகு வெளியே போய் சைக்கிள் நிறுத்தும் இடத்துப் படியில் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பஞ்சு வந்து எதிரில் நின்றாள்.

"போ, உள்ள போய்ப் பாடு" என்றாள் கடுகு. "இல்ல, இடத்தை விட்டுத் தரேன்னு சொல்ல வந்தியா? சொல்லித் தொலைச்சிடாத. அதையும் கேட்டா நான் செத்துருவேன்."

"இல்ல" என்றாள் பஞ்சு. "தர மாட்டேன்."

கடுகு நிமிர்ந்து பார்த்தாள். நானும்தான்.

"என்னை யாரும் திட்ட மாட்டாங்க. அதனால நான்தான்னு சொல்லிப் பழகிடுச்சு, வாயில தானா வந்துடுச்சு. ஆனா நீ உண்மையைச் சொன்னதும், இடம் எனக்குத்தான்னு சார் சொன்னாரே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன்னைப் பாத்துப் பாவம்னுகூடத் தோணல." பஞ்சு ஓர் அடி முன்னால் வந்தாள். "எனக்கு எல்லாம் தானா வருதுன்னுதானே உனக்குக் கோபம்? வருதுதான். ஆனா எதையும் நான் வேணும்னு நினைச்சதில்ல. நிக்கச் சொன்னாங்க, நின்னேன். ஆடச் சொன்னாங்க, ஆடினேன். அந்தக் கோப்பை எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நீ அன்னைக்குப் பாடிக்கிட்டே படியேறி வந்து, போனை வெச்சிட்டுச் சிரிச்சப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன். என் மூஞ்சி ஒரு நாளும் அப்படி இருந்ததில்லக்கா. எனக்கு வயிறு எரிஞ்சுது. சோறு இறங்கல. அதான் பின்னாடியே வந்தேன்."

உள்ளேயிருந்து சார் கைதட்டிக் கூப்பிட்டார். பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கடுகு எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"இரு. யாரைப் பாத்து எரிஞ்சுது?"

"உன்னைப் பாத்துத்தான்."

"என்னைப் பாத்தா?"

"ஆமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

கடுகின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இடம் போன துக்கம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் பிடித்த கையை விடாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லிட்டுப் போ" என்றாள்.